இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும்: பழைய நாணயமாற்று வீதத்தைத் தேடிக் கணிப்பதற்கான வழிகாட்டி

திருகோணமலையில் பழைய நாணயமாற்று வீதத்தைத் தேடுவோர் பொருளியல் மாணவர்கள் மட்டும் அல்லர். தமிழ்நாட்டு முகாம்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய குடும்பங்களிடம் இந்திய வங்கிப் புத்தகங்களும் நகை அடகுச் சீட்டுகளும் இருக்கின்றன. நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்துக் காணிகளைப் பங்கு பிரிக்கும்போது, இந்தியாவிலிருந்த சகோதரருக்கு இந்திய ரூபாவில் கொடுத்துத் தீர்த்த தொகை இன்றைய கணக்கில் எவ்வளவு என்ற வாக்குவாதம் எழுகிறது. கடை வைத்திருந்தவர்களின் பழைய பேரேடுகளிலோ தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் வாங்கிய சரக்கின் விலை இந்தியக் கணக்கிலேயே பதிவாகியிருக்கும்.

இவ்வேலையில் புதிதாக இறங்குபவர் பெரும்பாலும் இணையத்தில் ஏதாவதொரு நாணயமாற்றுக் கணிப்பானைத் திறந்து, ஆண்டை இட்டு, வருகின்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார். அந்த எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒரே நாளுக்கு இரண்டு மூன்று உண்மையான வீதங்கள் இருந்த காலங்கள் இந்த இரு நாணயங்களின் வரலாற்றிலும் உள்ளன என்பதனால், எந்த வீதம் தமக்குரியது என்று தீர்மானிக்காமல் எடுக்கப்படும் எண் தவறான கணக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். கீழ்வரும் படிகள் அந்தத் தீர்மானத்தைச் செய்வதற்காகவே எழுதப்பட்டவை.

முதற்படி: கேள்வியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

தொகை, அது எந்த ரூபா, கைமாறிய நாள், கணக்கின் நோக்கம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரு நாடுகளிலும் நாணயத்தின் பெயர் ஒன்றே என்பதாலும், இந்தியா தன் ரூபாவுக்குத் தனிக் குறியீட்டை 2010 ஆம் ஆண்டில்தான் ஏற்றுக்கொண்டது என்பதாலும், அதற்கு முந்திய ஆவணங்களில் ‘ரூ.’ என்ற எழுத்தை மட்டும் பார்த்து நாட்டைத் தீர்மானிக்க இயலாது. பற்றுச்சீட்டு எந்த ஊரில் எழுதப்பட்டது, எந்த வங்கியின் முத்திரை உள்ளது என்பவற்றைப் பாருங்கள்.

1957 க்கு முந்திய பேரேடாக இருந்தால் சில்லறையே விடையைச் சொல்லிவிடும். இலங்கையில் 1872 முதல் ஒரு ரூபா நூறு சதமாகவே இருந்து வந்துள்ளது. இந்தியாவிலோ 1957 ஏப்ரல் 1 ஆம் திகதி தசம முறை வரும்வரை ஒரு ரூபாவுக்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை என்ற கணக்கே வழங்கியது. ஆகவே 18-3-6 என்று மூன்று பகுதிகளாக எழுதப்பட்ட தொகை இந்தியத் தொகையாகும். பதினெட்டு ரூபா, மூன்று அணா, ஆறு பை என்று அதனை வாசிக்க வேண்டும். ஓர் அணா 6.25 சதத்துக்குச் சமம் என்பதால் மூன்றரை அணா 21.875 ஆகிறது, முழுத்தொகை ஏறத்தாழ 18 ரூபா 22 சதம்.

நோக்கத்தை எழுதுவது பலருக்கு வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் கையில் கிடைத்த பணம் எவ்வளவு என்று அறிய விரும்புபவருக்கு அந்நாளின் வங்கிக் கொள்வனவு வீதமும் (வங்கி நாணயத்தை வாங்கும் வீதம்), ஆய்வுக் கட்டுரைக்கு வரைபடம் தயாரிக்கும் மாணவருக்கு ஆண்டுச் சராசரியும், நிலுவையை ஒரு குறித்த நாளில் மதிப்பிடும் கணக்காளருக்கு அந்நாள் இறுதி வீதமும் தேவைப்படுகின்றன. உடன்படிக்கையிலேயே வீதம் குறிப்பிடப்பட்டிருந்தால் தேடலே வேண்டியதில்லை.

இரண்டாம் படி: நாள் எந்தக் காலப்பகுதியில் விழுகிறது என்று பாருங்கள்

இதுவே வழிகாட்டியின் மையமான படியாகும். இதில் செலவிடும் நேரம் பின்னர் பல மடங்காக மிச்சப்படும்.

1966 ஜூன் 6 ஆம் திகதிக்கு முந்திய நாளாயின் அட்டவணை எதையும் புரட்ட வேண்டாம். 1884 இல் அமைக்கப்பட்ட நாணயச் சபையின் காலத்தில் இலங்கை ரூபா இந்திய ரூபாவுடன் ஒன்றுக்கொன்று என்ற சமநிலையில் பிணைக்கப்பட்டிருந்தது. 1949 செப்டெம்பரில் ஸ்டெர்லிங் பவுண் மதிப்பிறக்கப்பட்டபோது இரண்டு ரூபாக்களும் அதனோடு சேர்ந்தே இறங்கின. 1950 ஓகஸ்ட் 28 இல் இலங்கை மத்திய வங்கி பணியைத் தொடங்கியபோதும் ஓர் அமெரிக்க டொலருக்கு 4.76 ரூபா என்ற அளவே இரு நாடுகளிலும் நிலவியது. எனவே 1955 இல் அனுப்பப்பட்ட நூறு இந்திய ரூபா, உத்தியோகபூர்வமாக நூறு இலங்கை ரூபாவேதான். ஆயினும் 1953 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் போன்ற ஏற்பாடுகளின் கீழ் பணத்தை வெளியே அனுப்ப அனுமதி வேண்டியிருந்தது என்பதையும், அனுமதியின்றிக் கைமாறிய தொகைக்கு இந்தச் சமநிலை பொருந்தியிருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

1966 ஜூன் 6 இல் இந்தியா தன் நாணயத்தை மதிப்பிறக்கி, டொலருக்கு 4.76 என்பதை 7.50 ஆக்கியது. இலங்கை அவ்வாறு செய்யவில்லை. ஒரே நாளில் ஓர் இலங்கை ரூபா ஏறத்தாழ 1.58 இந்திய ரூபாவுக்குச் சமமாயிற்று. அந்த உயர்வு நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1967 நவம்பரில் பிரித்தானியா பவுணை மதிப்பிறக்கியதைத் தொடர்ந்து இலங்கையும் தன் ரூபாவை இறக்கி, டொலருக்கு 5.95 என்று நிர்ணயித்தது. இந்தியா அப்போது அசையவில்லை. இதனால் ஓர் இலங்கை ரூபா 1.26 இந்திய ரூபாவாகக் குறைந்தது. இலங்கை ரூபா இந்திய ரூபாவை விட மதிப்பு மிகுந்திருந்த காலம் ஒன்று உண்டென்று சொன்னால் இன்றைய இளையோர் நம்புவதில்லை; முதியவர்களின் நினைவு இவ்விடயத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

1968 மே மாதத்திலிருந்து சிக்கல் தொடங்குகிறது. அப்போது இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையை அறிமுகப்படுத்தியது. அரிசி, மா, சீனி, மருந்து போன்ற அத்தியாவசிய இறக்குமதிகளும், தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மரபுவழி ஏற்றுமதிகளும் அடிப்படை வீதத்திலேயே நடந்தன. ஏனையவற்றுக்குச் செலாவணி வாங்குபவர் அடிப்படை வீதத்துக்கு மேலதிகமாகச் சான்றிதழுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த மேலதிகம் தொடக்கத்தில் 44 சதவீதமாகவும், பின்னர் 55 சதவீதமாகவும், அதன் பின்னர் 65 சதவீதமாகவும் இருந்தது.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம். 1968 ஓகஸ்ட்டில் அடிப்படை வீதம் டொலருக்கு 5.95, இந்திய வீதம் 7.50. ஆகவே அடிப்படை வீதத்தில் ஓர் இந்திய ரூபா 79 இலங்கைச் சதம். சான்றிதழ் வீதத்திலோ 5.95 ஐ 1.44 ஆல் பெருக்க டொலருக்கு 8.57 ரூபா வருகிறது, அதனை 7.50 ஆல் வகுத்தால் ஓர் இந்திய ரூபா 1 ரூபா 14 சதம். ஒரே மாதத்தில், ஒரே நாட்டில், சட்டப்படி நிலவிய இரு வீதங்கள் இவை. பல பன்னாட்டு அட்டவணைகள் அடிப்படை வீதத்தை மட்டுமே தருகின்றன. பிரதான வீதியில் துணிக்கடையோ உதிரிப்பாகக் கடையோ நடத்திய ஒருவரின் பேரேட்டை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டால் அவர் அதிக விலை கொடுத்து ஏமாந்ததாகத் தோன்றும். அவர் கட்டியது சான்றிதழ் சேர்ந்த விலை.

இந்த இரட்டை முறை 1977 நவம்பர் நடுப்பகுதியில் ஒழிக்கப்பட்டு, டொலருக்கு 16 ரூபா என்ற தொடக்க வீதத்துடன் ரூபா முகாமை செய்யப்பட்ட மிதவைக்கு (சந்தை வீதத்தைத் தீர்மானிக்க, மத்திய வங்கி தேவையானபோது தலையிடும் முறைக்கு) விடப்பட்டது. அடிப்படை வீதத்தை மட்டும் வைத்து வரைந்த வரைபடத்தில் அந்நாளில் ஒரு செங்குத்தான சரிவு தென்படும். சான்றிதழ் வீதத்தில் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருந்தவருக்கு அச்சரிவு மிகவும் சிறியது. இந்திய ரூபா அப்போது டொலருக்கு எட்டரையை ஒட்டி நின்றதால், ஓர் இந்திய ரூபாவின் விலை இலங்கையில் ஏறத்தாழ 1.90 ஆயிற்று. இந்திய ரூபா மதிப்பு மிகுந்தது என்ற இன்றைய நிலை இங்கிருந்துதான் உறுதிப்படுகிறது.

1990 இல் கடல் கடந்து தமிழ்நாடு சென்ற குடும்பங்களின் கணக்குகளுக்கு 1991 ஜூலை முக்கியமானது. அம்மாதத் தொடக்கத்தில் இந்தியா இரண்டு கட்டங்களாகத் தன் நாணயத்தை மதிப்பிறக்கியது. டொலர் 21 ரூபா அளவிலிருந்து 26 ரூபா அளவுக்குச் சென்றது. இலங்கையில் டொலர் 41 ரூபாவை ஒட்டியிருந்ததனால், ஓர் இந்திய ரூபா ஏறத்தாழ 1.95 இலிருந்து 1.60 ஆக இறங்கியது. அதன் பின்னர் 1992 மார்ச் முதல் ஓராண்டுக்கு இந்தியாவிலும் இரட்டை வீதம் நிலவியது: உள்ளே வரும் வெளிநாட்டுப் பணத்தில் 40 சதவீதம் உத்தியோகபூர்வ வீதத்திலும் 60 சதவீதம் சந்தை வீதத்திலும் மாற்றப்பட்டது. அந்த ஓராண்டுக்குள் வெளிநாட்டு உறவினரிடமிருந்து பணம் பெற்றவரின் இந்திய வங்கிப் புத்தகத்தில் இரண்டும் கலந்த தொகையே இருக்கும்.

இலங்கை ரூபா 2001 ஜனவரி 23 இல் சுதந்திரமாக மிதக்கவிடப்பட்டது. அப்போதிருந்து 2021 வரை வீதங்கள் மெதுவாகவே நகர்ந்தன. ஓர் இந்திய ரூபா 1.90 அளவிலிருந்து 2.70 அளவுக்கு வருவதற்கு இரு தசாப்தங்கள் எடுத்தன. இக்காலப்பகுதிக்கு எந்த நல்ல அட்டவணையும் போதும்.

2022 வேறு. 2021 செப்டெம்பரிலிருந்து டொலர் 200 ரூபாவை ஒட்டிய வீதத்தில் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7 இல் அந்தப் பிடி தளர்த்தப்பட்டதும் மே மாதத்துக்குள் 360 ஐ எட்டியது. இவ்வாண்டுக்கு ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அவ்வாண்டின் சராசரி டொலருக்கு 324.55 ரூபா, ஜனவரியில் பணம் மாற்றியவருக்கும் டிசெம்பரில் மாற்றியவருக்கும் அந்த எண் உண்மையைச் சொல்லாது. நாள் தெரியாவிட்டால் மாதத்தையாவது கண்டுபிடியுங்கள்.

மூன்றாம் படி: மூலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்

அண்மைக்காலத் திகதிகளுக்கு இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் நாளாந்தக் கொள்வனவு, விற்பனை வீதங்கள் கிடைக்கின்றன. நீண்ட கால ஆண்டு வரிசைகள் அதன் ஆண்டறிக்கைகளின் புள்ளிவிபரப் பின்னிணைப்பில் உள்ளன. அவை தமிழிலும் வெளியாகின்றன. திருகோணமலையில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று இயங்குகின்றது என்பதால், வெளியீடுகளைப் பற்றி அங்கும் விசாரிக்கலாம்.

இந்தியப் பக்கத்துக்கு இந்திய ரிசர்வ் வங்கியின் புள்ளிவிபரக் கையேடு பயன்படும். நாளாந்த உசாத்துணை வீதத்தை முன்னர் ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. 2018 ஜூலை முதல் எஃப்.பி.ஐ.எல். (பைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) என்ற நிறுவனம் அதனைக் கணித்து வெளியிடுகிறது.

இரு நாணயங்களையும் ஒரே இடத்தில், ஒரே முறையில் கணிக்கப்பட்டனவாகப் பெற விரும்புவோருக்கு அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வெளியிடும் எச்.10 என்ற அட்டவணையைப் பரிந்துரைப்பேன். டொலருக்கு எதிரான இந்திய ரூபாவும் இலங்கை ரூபாவும் 1973 முதல் நாள்வாரியாக அதில் உண்டு. இரு வேறு நாடுகளின் அட்டவணைகளை இணைக்கும்போது ஒன்று கொள்வனவாகவும் மற்றது நடுவீதமாகவும் (கொள்வனவு, விற்பனை வீதங்களின் நடுமதிப்பு) அமைந்துவிடும் ஆபத்து இதில் இல்லை. உலக வங்கியின் தரவுத்தளத்தில் 1960 முதல் ஆண்டுச் சராசரிகள் உள்ளன. கட்டுரைக்குப் போதுமானவை, காணிக் கணக்குக்குப் போதாதவை.

போயா தினத்திலும் வார இறுதியிலும் வீதம் வெளியாகாது. இரு நாடுகளின் விடுமுறைகளும் வெவ்வேறானவை. நீங்கள் தேடும் நாளுக்கு ஒரு பக்கத்து வீதம் இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் வீதம் உள்ள முந்திய வேலைநாளை எடுத்துக்கொண்டு, அவ்வாறு எடுத்ததைக் குறித்து வையுங்கள்.

நான்காம் படி: டொலர் வழியாகக் குறுக்கு வீதத்தைக் கணியுங்கள்

இரு ரூபாக்களுக்கும் இடையிலான நேரடி வீதம் பல அட்டவணைகளில் இராது. இலங்கையின் டொலர் வீதத்தை இந்தியாவின் டொலர் வீதத்தால் வகுத்தால் ஓர் இந்திய ரூபாவுக்கு எத்தனை இலங்கை ரூபா என்பது வரும். தலைகீழாக வகுத்தால் மறுபக்கம் வரும். விடை 1966 க்கும் 1968 க்கும் இடைப்பட்ட காலத்தில் ஒன்றுக்குக் கீழும், 1977 நவம்பருக்குப் பிந்திய காலத்தில் ஒன்றுக்கு மேலும் அமைய வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், தலைகீழாக வகுத்துவிட்டீர்களா என்பது உடனே புலப்படும்.

2021 ஆண்டிறுதியில் டொலர் இலங்கையில் 200.43, இந்தியாவில் 74.30. வகுத்தால் 2.6976. 2022 ஆண்டிறுதியில் 363.11 உம் 82.79 உம், வகுத்தால் 4.3859. அடகு வைத்த நகையை மீட்க 50,000 இந்திய ரூபா தேவைப்பட்டதாகக் கொண்டால், முதல் ஆண்டிறுதியில் அதன் இலங்கைப் பெறுமதி 134,880 ரூபா; அடுத்த ஆண்டிறுதியில் 219,295 ரூபா. வீதத்தை முன்கூட்டியே 2.70 என்று முழுமைப்படுத்தியிருந்தால் முதல் விடை 135,000 ஆகியிருக்கும். தொகை பெருகப் பெருக இந்த வேறுபாடும் பெருகும். ஆகவே நான்கு தசமதானங்களை இறுதிவரை வைத்திருந்து கடைசியில் மட்டும் முழுமைப்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: சதவீதத்தை எந்தப் பக்கமிருந்து சொல்கிறீர்கள் என்று தெளிவுபடுத்துங்கள்

2022 இல் ரூபா 44.8 சதவீதம் தேய்ந்தது என்று மத்திய வங்கி சொல்கிறது. டொலர் 81 சதவீதம் ஏறியது என்று கடைக்காரர் சொல்கிறார். இருவரும் சரியே. ஒரு ரூபாவுக்குக் கிடைக்கும் டொலரின் குறைவை முதலாவது அளக்கிறது. ஒரு டொலருக்குக் கொடுக்க வேண்டிய ரூபாவின் கூடுதலை இரண்டாவது அளக்கிறது. 1967 ஆம் ஆண்டின் இலங்கை மதிப்பிறக்கம் இதனைக் கற்பிக்க மிகவும் ஏற்றது: 4.76 இலிருந்து 5.95 க்குச் சென்றது 20 சதவீத மதிப்பிறக்கம் ஆகும், டொலரின் விலையேற்றமோ சரியாக 25 சதவீதம். 1966 ஆம் ஆண்டின் இந்திய மதிப்பிறக்கத்தையும் 36.5 என்றும் 57.5 என்றும் வெவ்வேறு இடங்களில் காண்பீர்கள். ஒரே அட்டவணைக்குள் இருவகைச் சதவீதங்களையும் கலப்பது மாணவர் அறிக்கைகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

ஆறாம் படி: கையிலுள்ள சீட்டு அட்டவணையோடு பொருந்தாவிட்டால்

பெரும்பாலும் சீட்டே சரி. வங்கி உங்களிடமிருந்து நாணயத்தை வாங்கும் வீதம் விற்கும் வீதத்தை விடக் குறைவு. தாள் காசுக்குரிய வீதம் கணக்குக்கு வரும் பணத்துக்குரிய வீதத்தினின்றும் வேறுபடும். இவற்றைத் தவிர, கிண்ணியா, மூதூர்க் குடும்பங்கள் பலவற்றிடம் இருக்கக்கூடிய 2021 டிசெம்பர் மாதச் சீட்டுகளில் இன்னொரு காரணமும் உண்டு. தொழிலாளர் அனுப்பும் பணத்துக்கு ஏற்கெனவே வழங்கப்பட்ட டொலருக்கு 2 ரூபா ஊக்குவிப்போடு, அம்மாதத்தில் மேலும் 8 ரூபா சேர்க்கப்பட்டது. ஆகவே அட்டவணை வீதத்தைவிடப் பத்து ரூபா கூடுதலாகக் கிடைத்திருந்தால் அது பிழையன்று.

அதே காலத்தில் உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே இடைத்தரகர் மூலம், பணம் பெற்றவர்கள் வங்கி வீதத்தைவிட உயர்ந்த வீதத்தைப் பெற்றார்கள். அவ்வீதத்துக்கு உத்தியோகபூர்வ அட்டவணை எதுவும் கிடையாது. குடும்பத்துக்குள் பங்கைத் தீர்ப்பதற்கு, பணம் பெற்றவரின் குறிப்பேட்டில் உள்ள தொகையையே இருதரப்பும் ஏற்றுக்கொள்வது நேர்மையான வழி. நீதிமன்றத்திலோ வரித் திணைக்களத்திலோ அதனைச் சான்றாக முன்வைக்க எண்ணுபவர் முதலில் சட்டத்தரணியைக் கேட்க வேண்டும். சுங்கத் தீர்வைக்குரிய கணக்காயின் சுங்கத் திணைக்களம் வாரந்தோறும் வெளியிடும் வீதமே செல்லும்.

தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய 500, 1000 ரூபாத் தாள்களை வைத்திருப்போர் வீதத்தைத் தேடிப் பயனில்லை. 2016 நவம்பர் 8 நள்ளிரவிலிருந்து அவை இந்தியாவில் செல்லாத தாள்கள்.

பலர் இந்தக் கணக்கை முடித்தவுடன் அதனை விலைவாசிக் கணக்காகவும் பயன்படுத்த முயல்கிறார்கள். 1968 இன் நூறு இந்திய ரூபா அன்றைக்கு எத்தனை இலங்கை ரூபா என்பதை நாணயமாற்று வீதம் சொல்லும். அந்தப் பணத்தால் அன்று வாங்கிய அரிசியை இன்று வாங்க எவ்வளவு வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்கு முதலில் அன்றைய வீதத்தில் இலங்கை ரூபாவுக்கு மாற்றி, பின்னர் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைக் கொண்டு இன்றைய விலைக்குக் கொண்டுவர வேண்டும். பெயர் சொல்வதுபோல அச்சுட்டெண் கொழும்பின் விலைகளை அளப்பது என்பதால், திருகோணமலைக்கு அது ஓர் அண்ணளவாகவே அமையும்.

இறுதிப் படி: கணக்கின் கீழே ஒரு வரி எழுதுங்கள்

எந்த மூலம், எந்த நாள், கொள்வனவா விற்பனையா நடுவீதமா, நேரடி வீதமா டொலர் வழியான குறுக்கு வீதமா என்பவற்றை ஒரே வரியில் எழுதி, நீங்கள் அட்டவணையைப் பார்த்த திகதியையும் சேர்த்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக இவ்வாறு எழுதலாம்: ‘2021 மற்றும் 2022 ஆண்டிறுதி டொலர் வீதங்களிலிருந்து கணித்த குறுக்கு வீதம், ஓர் இந்திய ரூபாவுக்கு இலங்கை ரூபா, நான்கு தசமதானங்கள்.’ 1968 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட நாளாயின் ‘அடிப்படை வீதம்’ அல்லது ‘சான்றிதழ் சேர்ந்த வீதம்’ என்று அதே வரியில் கட்டாயம் குறிப்பிடுங்கள். பங்காளிகளில் ஒருவர் கணக்கை ஏற்க மறுத்தால், அந்த வரியைக் கொண்டு அவர் தாமே அட்டவணையைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.